அட்டையில் எந்தப் பேர்

— அதென்ன ரெண்டு அட்டை மடாம்? நீங்கள் எழுதினது ஒரு புத்தகம்தானே?

— ஒண்ணுதான் நாகேஸ்வரி. என் வாழ்க்கைக் கதை ஒண்ணு போதாதா? பதிப்பகத்துப் பொண்ணு ஆன்-சோஃபி ரெண்டு மாதிரி அச்சடிச்சுக் குடுத்துட்டுப் போயிருக்கா. எந்தப் பேர் போடறதுன்னு சாயங்காலம் போன் பண்ணிக் கேப்பா.

— இதிலை மரி-லூயிஸ் சுப்ராயன் எண்டு கிடக்கு. இது நீங்கள். மற்றதிலை ரிவ்கா எண்டு. அது ஆர்?

— அதுவும் நான்தான்.

— பகிடி விடாதேங்கோ. இவ்வளவு காலமா உங்களைக் குளிக்க வாக்கிறன், எனக்குத் தெரியாத பேரோ?

— அலோர், சரி, கேளு. நான் யூதப் பொண்ணு. பொறந்தப்போ வச்ச பேர் அது. ஜெர்மன்காரன் பாரீஸைப் பிடிச்சப்போ எங்க ஆளுங்களை வீடு வீடாத் தேடி ரயில்ல ஏத்தினாங்க. எனக்கு ஆறு வயசு. வடக்கே கிராமத்துல ஒரு பண்ணைக்காரி என்னைத் தன் தங்கச்சி மகள்னு சொல்லி மறைச்சு வச்சிருந்தா. மரி-லூயிஸ் அவ குடுத்த பேர். ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போவேன், ஜெபமெல்லாம் தலைகீழாச் சொல்லுவேன். அப்படித்தான் பொழைச்சேன்.

— அப்ப நீங்கள் வேதக்காரர், கிறிஸ்தவர் இல்லையோ? சுப்ராயன் ஐயாவைக் கட்டி, பாண்டிச்சேரியிலை தமிழ் பழகின வேதக்கார வெள்ளைக்காரி எண்டெல்லே நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியிறன்.

— அதுல பாதி சரி.

— வெள்ளி பின்னேரத்திலை ரெண்டு மெழுகுதிரி கொளுத்துறனீங்களே? மாமியார் பழக்கின வெள்ளிக்கிழமை விளக்கு எண்டு நினைச்சன். லா கூர்னெவிலை என்ரை வீட்டிலை பிள்ளையளைப் பிடிச்சு, அந்த மடாமுக்கு இருக்கிற பக்தியிலை கால்வாசி உங்களுக்கு இல்லையெண்டு பேசியும் இருக்கிறன்.

— மாமியாரே அப்படித்தான் நெனச்சாங்க. என் மருமக வெள்ளி தவறாம விளக்கேத்தறான்னு தெருவுக்கே பெருமை. சுப்ராயன் சிரிப்பை அடக்கிட்டு நிப்பார். அது யூத வீடுகள்ல வெள்ளி சாயங்காலம் ஏத்தறது, எங்கம்மா ஏத்தின விளக்கு.

— ஐயாவுக்கு எல்லாம் தெரியுமோ?

— யூதப் பொண்ணுன்னு தெரியும். பேரை மட்டும் அவருக்கும் சொல்லல.

— கட்டின மனுசனுக்கும் ஒளிச்சனீங்களோ? பொல்லாத ஆள் நீங்கள்.

— திட்டு. திட்டிக்கிட்டே அந்தச் சொதியை இன்னும் கொஞ்சம் ஊத்து.

— எங்கடை ஆக்களிலையும் ஆற்றையோ பாஸ்போட்டிலை வந்து, ஆற்றையோ பேரிலை இருக்கிற ஆக்கள் இருக்கினம். அவைக்குப் பயம். உங்களுக்கு இந்த வயசிலை என்ன பயம்? ரிவ்கா எண்டே போடச் சொல்லுங்கோ.

— பயம் இல்ல கண்ணு. கார் து நோர் ஸ்டேஷன்ல அம்மா என்னை ரயில் ஏத்தி விட்டாங்க. இனிமே நீ மரி-லூயிஸ், நானே வந்து உன் பேரைச் சொல்லிக் கூப்பிடுவேன், அதுவரைக்கும் வேற யார் கூப்பிட்டாலும் திரும்பாதேன்னாங்க. அடுத்த வாரமே அவங்களைப் பிடிச்சுட்டாங்க. ஆஷ்விட்ஸ் முகாமுக்குப் போனவங்க திரும்பல.

— ஐயோ மடாம்.

— செத்துட்டாங்கன்னு தெரியும். புத்தகத்துல நானே எழுதியிருக்கேன். ஆனாலும் பாண்டிச்சேரியிலேயே இருந்துடலாம்னு சுப்ராயன் கெஞ்சினப்போ, அந்தப் பாவப்பட்ட மனுஷனைப் பாரீஸுக்கு, இந்த லா ஷபேலுக்கு இழுத்துட்டு வந்தேன். அந்த ஸ்டேஷனுக்குப் பக்கத்துல இருக்கணும்னு. அந்தப் பேரை அட்டையில போட்டா, அவங்க இனிமே வரமாட்டாங்கன்னு நானே ஊருக்குச் சொன்ன மாதிரி. போடலேன்னா அவங்க ஆசையா வச்ச பேர் என்னோட போயிடும். கூப்பிட ஆளே இல்லாத பேர். நீயாவது ஒரு தடவை கூப்பிடேன்.

— நானோ? ஏலாது மடாம். என்ரை அம்மாவிலும் மூத்தவ நீங்கள். என்ரை மனுசன்ரை பேரையே நான் வாயாலை சொல்லுறேல்லை. பிரெபெக்சர் ஒபிசிலை கேட்டாலும் அவற்றை அடையாளக் கார்த்தை எடுத்துக் காட்டுவன்.

— ஒரே ஒரு தடவை. அப்புறம் மடாம்னே கூப்பிட்டுக்கோ.

— கூப்பிட்டா, ஆன்-சோஃபிக்கு இந்த ரிவ்கா அட்டையைத்தான் சொல்லுவியளோ?

— சொல்றேன்.

— அப்ப கண்ணை மூடுங்கோ. உங்களைக் கூப்பிடேலாது. அந்த ஆறு வயசுப் பிள்ளையைக் கூப்பிடுறன். பிள்ளையளைப் பேர் சொல்லிக் கூப்பிடலாம்தானே. நான் கதவடியிலை போய் நிக்கிறன்.

— மூடிட்டேன்.

— ரிவ்கா. எங்கை பிள்ளை நிக்கிறாய்? ரிவ்கா, வா, வீட்டை போவம்.

— ஏம்மா இவ்ளோ நேரம்?