நால்வருக்கும் ஒரு பெட்டி

மின்விசிறியைக் கொஞ்சம் குறைத்தால் நல்லது இன்ஸ்பெக்டர் ஐயா, வாக்குமூலம் எழுதுகிற தாள் பறக்கிறது.

முதலியார்பேட்டையில் எங்கள் கடை. வீட்டில் படுத்திருக்கும் நோயாளிகளுக்கு ஆக்சிஜன் மெஷின் வாடகைக்குக் கொடுக்கிறோம். சர்வீசுக்கு நான்கு பேர். யாரும் போனை எடுக்காவிட்டால் பேசுவது வாய்ஸ்மெயிலில் பதிவாகும். அந்தப் பெட்டியை நால்வருக்கும் பொதுவாக அமைத்தவன் நான். ஒரு பதிவை யார், எத்தனை மணிக்குக் கேட்டார் என்று பக்கத்திலேயே காட்டும். "இனிமே எவனும் கேக்கலன்னு கதை விட முடியாது," என்று முதலாளி லூதோவிக் பாராட்டினார்.

என் மனைவி கார்குழலியும் எங்கள் மெஷினில்தான் மூச்சு விட்டாள். கரண்ட் போனால் சாவியால் திருகித் திறந்துகொள்ளப் பக்கத்தில் ஒரு சிலிண்டர். கொரோனாவுக்குப் பிறகு நுரையீரல் தேறவில்லை. நான் போனை எடுப்பதில்லை என்று எனக்கு அடிப்பதையே விட்டிருந்தாள். பொதுப் பெட்டியில் பேசுவாள்.

"அண்ணே, அண்ணி ரவை வாங்கிட்டு வரச் சொல்றாங்க. மறந்தா ராத்திரி பட்டினிதானாம்," என்பான் விக்ரம். எல்லோரும் சிரிப்பார்கள்.

விக்ரம் வேலை தெரிந்தவன். அவள் பேசியதை மட்டும் இரண்டு தடவை போட்டுக் கேட்பான். வீட்டுப் பேச்சு ஆபீசில் எதற்கு என்று, அவள் எண்ணிலிருந்து வருவது மணியடிக்காமல் நேரே நான் மட்டும் கேட்கிற தனிப் பெட்டிக்கு வரும்படி மாற்றினேன். அவளிடம் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை எங்கள் வீடு இருக்கும் லாஸ்பேட்டையில் கரண்ட் போனது. 11.10-க்கு முதல் பதிவு. கேட்டேன்.

"விக்ரம் தம்பி, மெஷின் நின்னுடுச்சி. சிலிண்டரத் திருக முடியல. சீக்கிரம் வாங்க தம்பி."

விக்ரம் அப்போது எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தான். வேறொரு வீட்டு மெஷினைப் பார்க்க அனுப்பியதே நான்.

போனைக் கவிழ்த்து வைத்தேன். வாசல் வரை போனேன், திரும்பினேன், மறுபடி போனேன். டீ சொன்னேன், குடிக்கவில்லை. அவள் கூப்பிட்டது அவனை. என்னைக் கூப்பிட்டிருந்தால் போயிருப்பேன். இதை நீங்கள் நம்ப வேண்டும்.

மதியம் வீட்டுக்குப் போனபோது அவள் விறைத்துக் கிடந்தாள்; உள்ளங்கையில் சிலிண்டர் சாவியின் தடம் பதிந்திருந்தது.

நேற்று நீங்கள் இரண்டாவது பதிவைப் போட்டீர்கள். அவள் என்னைப் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை.

"என்னங்க... நீங்களாச்சும் வாங்க."

அது எனக்குத் தெரியவே தெரியாது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அதன் பக்கத்தில் என் பெயர் இருக்கிறது, கேட்ட நேரம் 11.16 என்று இருக்கிறது. அது தவறாகக் காட்டாது ஐயா. அமைத்த அன்றே நான்கு தடவை சோதித்துப் பார்த்தேன்.