வேட்டுச் சத்தம் கேட்டு ஓடியவள்

"உள்ள வா! மெர்சி, உள்ள வாடி!"

ஜெசிந்தா கத்துகிறாள். காலை பத்து இருபது. நிலவறையின் இரும்புக் கதவு பாதி திறந்திருக்கிறது. தெருமுனையில் இப்போதுதான் குண்டு விழுந்தது. அவளுடைய ஆறு வயது மகள் கைதட்டிக்கொண்டு வெளியே ஓடுகிறாள். சிரித்தபடி ஓடுகிறாள்.

ஏன் சிரித்தாள் என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

கார்ட்டூம் நகரம். சூடானில் போர் மூண்ட ஐந்தாம் நாள். நான் அங்கே ஆசிரியை. ஜெசிந்தா செவிலி. இருவருக்கும் ஊர் புதுக்கோட்டை மாவட்டத்து ஆவூர். ஒரே தெரு. குடியிருந்த கட்டடத்தின் நிலவறைக்குள் பதினோரு பேர் இறங்கியிருந்தோம். நால்வர் குழந்தைகள். மற்ற மூவரும் ஓயாமல் அழுதார்கள். மெர்சி அழவில்லை. காதைப் பொத்திக்கொண்டு, பாவாடை நனைந்தது தெரியாமல், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அழுதிருந்தால் தாங்கியிருப்போம்.

மூன்றாம் நாள் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. ஆவூரில் பாஸ்கா நாடகம் போடுவார்கள். ஆண்டவர் பாடுபட்டு, இறந்து, உயிர்க்கும் கதை. உயிர்க்கும் காட்சியில் அதிர்வேட்டு வெடிக்கும். கல்லறைக் கதவு சாயும். அந்த நொடியில் பிள்ளைகள் கைதட்டிக்கொண்டு மேடையை நோக்கி ஓடுவார்கள். யாரும் தடுப்பதில்லை. அதுவே வழக்கம்.

நிலவறையில் அந்த நாடகத்தைப் போட்டோம். அரிசிச் சாக்கைக் கத்தரித்துச் சிறகு. கரியால் தாடி. மெர்சிக்குச் சம்மனசு வேடம், கல்லறை வாசலில் நிற்கும் வானதூதர். கீழ்த்தளத்தில் கடை வைத்திருந்த கோட்டைப்பட்டினத்து ரபீக் பாய் ரோமச் சிப்பாய்.

"நோன்பு வச்சிருக்கவன் கையில சாட்டையக் குடுத்துட்டீங்களே டீச்சர். ஓங்கக்கூடத் தெம்பில்ல."

"நீங்க அடிச்சா கொசுகூடச் சாகாது பாய்," என்றாள் ஜெசிந்தா.

அங்கே கேட்ட முதல் சிரிப்பு அது.

வெளியே குண்டு விழுந்தது. நான் சொன்னேன்: "வேட்டுப் போட்டுட்டாங்க. ஆண்டவர் எந்திரிச்சிட்டார்." மெர்சி காதிலிருந்து கையை எடுத்தாள். கைதட்டினாள். எதிர்ச்சுவர் வரை ஓடினாள். அன்று பதினேழு குண்டுகள். பதினேழு முறையும் ஓடினாள். பிறகு சிறகைக் கழற்றாமலே உண்டாள், உறங்கினாள். நான் என்னையே மெச்சிக்கொண்டேன். அதை மறைத்தால் இந்தச் சாட்சியம் பொய்யாகிவிடும்.

ஐந்தாம் நாள் குடிநீர் தீர்ந்தது. சண்டை நிறுத்தம் என்றது வானொலி. ரபீக் பாய் கேனோடு கதவைத் திறந்து தெருவில் இறங்கினார். முதல் குண்டு. மெர்சி ஓடினாள்.

"இங்கிட்டு வராத! படு தாயி, படு!" தெருவிலிருந்து பாய் கத்தினார்.

இரண்டாவது குண்டு.

ஒரு சிறகு கதவருகே கிடந்தது. மற்றது அவள் முதுகில் இருந்தது.

பாய் முற்றத்தில் கடப்பாரையால் குழி வெட்டினார். அவருக்கு இடக்காது கேட்கவில்லை. குழந்தையின் முகத்தைக் கழுவத் தண்ணீர் இல்லை. ஜெசிந்தா தன் முந்தானையால் துடைத்தாள். செவிலியின் கை. காது மடல்வரை துடைத்தது. பிறகு பேருந்து, துறைமுகம், கப்பல், ஊர்.

இந்த ஆண்டு நாடகத்துக்கு முன் ஊர்க்காரர்கள் என்னிடம் வந்தார்கள். "வேட்டு வேணாம்னு வச்சுக்குவோமா டீச்சர்? ஜெசிந்தாவுக்கு ஒரு மாதிரி இருக்கும்ல?" வேட்டு வேண்டாம் என்றேன். எனக்காகத்தான் சொன்னேன். பின்னால் நின்ற ஜெசிந்தா பேசினாள்.

"போடுங்க. அந்தச் சத்தத்துக்கு ஓடுனவ அவ. சத்தமே இல்லைன்னா எங்கிட்டுன்னு வருவா?"

அன்றிரவே அவளிடம் சொன்னேன், என் நாடகம்தான் மெர்சியை வெளியே இழுத்தது என்று. "தெரியும்க்கா," என்றாள். "அந்த ரெண்டு நாளும் எம்புள்ள பயப்படாம இருந்தா." மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நாடகத்தன்று வேட்டு வெடித்தது. நான் தரையில் குப்புற விழுந்தேன். பிள்ளைகள் என்னைத் தாண்டி ஓடினார்கள்.

இழந்தவை இவை. நிலவறைக்குள் இறங்கிய பதினோரு பேரில் ஒருத்தி. வயது ஆறு. ஓர் ஆணின் இடக்காது. சாக்குச் சிறகு ஒன்று. அடையாளம் வைக்காத குழி ஒன்று. ஆண்டவர் எழுந்தார் என்று சொல்ல என்னிடம் இருந்த குரல்.

ஜெசிந்தா விழவில்லை. ஓடிய பிள்ளைகளை நின்று விரல் விட்டு எண்ணினாள். நாற்பத்து மூன்று. என்னைத் தூக்கி நிறுத்திவிட்டு மறுபடியும் எண்ணினாள்.

"ஒண்ணு கொறையுதுக்கா," என்றாள்.