குதிரைகளைப் பார்க்கப் போனவன்

பூதத்தைப் படைத்து எங்களைப் புலம்பவிட்டு, புதையலைக் காட்டிப் பறித்துக்கொள்ளும் பெருமைக்குரிய அவைத்தலைவி மார்லிஸ் டோலஃப்சன் அம்மையார் அவர்களே! கொட்டும் பனியைப் பொருட்படுத்தாமல் பகடைப் பையோடு வந்து சேர்ந்திருக்கும் பெரியோர்களே! பிள்ளைகள் பகலெல்லாம் பேயோடும் பூதத்தோடும் பேசுகிறார்களே என்று பாதிரியாரிடம் ஓடாமல், சூடான சாசேஜும் பொரித்த சீஸும் கொண்டுவந்து வைத்த தாய்மார்களே! மந்திரவாதிகளே, திருடர்களே, கூலிக்கு வாள் சுழற்றும் கொலைகாரர்களே... பின்வரிசையில் நெளிகிற டுவேன், உன்னையும் சேர்த்துத்தான்... எல்லோருக்கும், விஸ்கான்சின் ஏரிக்கரையின் இந்தச் சின்ன மண்டபத்தில் நின்று வெண்டல் க்ரூகர் சொல்லும் வணக்கம்!

தொடங்குமுன் ஒரு வார்த்தை. வாசலில் பூட்ஸ் கழற்றும்போது, "இந்தப் பழுப்பு ஜோடி யாரோடது? கால்ல இடறுது" என்று சிலர் கேட்டீர்கள். இடறட்டும். அதன் கதையைச் சொல்லத்தான் ஏறியிருக்கிறேன்.

நம் ஆட்டம் என்ன ஆட்டம்? மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு வீரனை மனத்தில் படைத்து, அவன் வாயாகப் பேசி, பகடை உருட்டி அவன் விதியை அறிகிற ஆட்டம். அதில் யார் யாரோ திருடனாகிறார்கள், யார் யாரோ சூனியக்காரியாகிறார்கள். நான் எப்போதும் அறவீரன். என் அறவீரன் பெயர் ஹால்வார்ட். பொய் சொல்ல மாட்டான், புறமுதுகு காட்ட மாட்டான், பிடிபட்டவனைத் துன்புறுத்த மாட்டான். அதனாலேயே அவனை யாருக்கும் பிடிக்காது!

சிரியுங்கள், சிரியுங்கள். உங்கள் மேசையிலும் இப்படி ஒருவன் இருக்கிறான் அல்லவா? அவனை நீங்கள் என்ன செய்கிறீர்கள்? கைதியின் விரலை முறிக்கவேண்டிய வேளை வந்ததும், "வீரரே, குதிரைகளைக் கொஞ்சம் பார்த்துவிட்டு வாருங்கள்" என்று வெளியே அனுப்புகிறீர்கள். அனுப்புகிறீர்களா, இல்லையா? ஆ, அந்த ஓரத்து அம்மா மட்டும் உண்மையாகத் தலையாட்டுகிறார்!

எங்கள் ஆட்டத்தை நடத்தும் மார்லிஸ் வீட்டு மேசையில் ஒரு வழக்கம் உண்டு. உன் வீரன் அறையை விட்டுப் போனால் நீயும் எழுந்து போகவேண்டும். கூப்பிடும்வரை உள்ளே வரக்கூடாது.

ஒரு மார்ச் மாதப் பிற்பகல். ஏரி இன்னும் உறைந்துதான் கிடந்தது, ஆனால் பனிக்கட்டி இளகத் தொடங்கியதால், அதன்மேல் நிறுத்தியிருந்த மீன்பிடிக் குடிசைகளை எல்லாம் கரைக்கு இழுத்துவிட்டார்கள். ஆட்டத்தில் நாங்கள் ஒரு கைதியைப் பிடித்திருந்தோம். பெயர் எம்ரிக். எதிரிப் படைக்கு வேவு பார்த்தவன். செருப்பில்லாத கால், அதிலும் இடது கால் ஊனம், இழுத்து இழுத்து நடப்பவன். அவனுக்கு ஹால்வார்ட் வாக்குக் கொடுத்தான்: "நான் இருக்கும்வரை உன்மீது ஒரு கையும் படாது."

டுவேன் மேசையைத் தட்டினான். "டேய் புனிதரே, இவன விட்டா நேரா போய் நம்மள காட்டிக்குடுப்பான். உன் வாக்க வச்சுக்கிட்டு நாங்க எல்லாம் சாகணுமா?"

"வாக்கு வாக்குதான்டா."

"சரிப்பா. குதிரைங்க கத்துற மாதிரி இருக்கு. போய்ப் பாத்துட்டு வா."

எனக்குத் தெரியாதா என்ன எதற்கென்று? தெரியும். ஆனால் ஹால்வார்டுக்குத் தெரியாதே! குளிருக்கு மேல்கோட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு ஏரியைப் பார்த்த பின்வாசலில் போய் உட்கார்ந்தேன்.

சற்று நேரத்தில் கான்னி கதவைத் திறந்து தலையை நீட்டினாள். திருடி வேடம் கட்டுபவள், ஆனால் பொய்யை முகத்தில் மறைக்கத் தெரியாதவள். "வெண்டல், அந்தக் கைதி தப்பிச்சுட்டான். ஏரிப் பக்கம் ஓடிட்டான்." அவளுக்குப் பின்னால் சிரிப்பு.

"அப்ப ஹால்வார்ட் அவனத் தேடிப் போறான்" என்றேன்.

"தேடு ராசா, தேடு" என்று கதவைச் சாத்தினாள். உள்ளே பீட்சா வந்தது. என்னை மறந்தார்கள்.

நான் எழுந்திருக்கவே நினைக்கவில்லை, அவையோரே! படிக்குக் கீழே பனியைப் பார்க்கும்வரை நினைக்கவில்லை. அங்கே காலடிகள் இருந்தன. வெறுங்கால்கள். வலது கால் விரல்கள் தெளிவாக, இடது கால் நெடுகக் கோடாக. படியிலிருந்து நேராக ஏரிக்குள்.

அந்தக் குளிரில் வெறுங்காலோடு எவனாவது நடப்பானா? அக்கம்பக்கத்தில் யாரோ புத்தி தடுமாறிப் போய்விட்டார்கள் என்று பதறினேன். ஓடினேன். பனிக்கட்டி மேல் போகப் போக மூடுபனி கவிந்தது. கரையும் இல்லை, வானமும் இல்லை. "யாரு அங்க?" என்றேன். "ஏங்க, நில்லுங்க!" பதில் இல்லை. ஏன் அந்தப் பெயர் வாயில் வந்ததென்று இன்றும் தெரியாது. "எம்ரிக்!" என்றேன்.

"இங்க இருக்கேன்" என்றது ஒரு குரல். மிகப் பக்கத்தில்.

குரலை நோக்கி ஓரடி எடுத்து வைக்கப் போனேன். ஒரு கை என் மணிக்கட்டைப் பிடித்தது. எலும்பு துருத்திய கை, ஆனால் சுடச் சுட இருந்தது. பிடித்து என்னைப் பின்னால் இழுத்தது. நான் கால் வைக்கவிருந்த இடத்தில் கறுப்பாகத் தண்ணீர் அசைந்துகொண்டிருந்தது.

அந்தக் கை என்னைத் திருப்பி நடத்தியது. என் பக்கத்தில் ஒரு கால் இழுபடும் ஓசை. திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. சொல்கிறேனே, பயந்தேன். வாய்விட்டு அழுதேன்.

அப்போது கரையிலிருந்து டுவேனின் குரல். காலடிகளை அவனும் பார்த்துவிட்டான். எதற்கும் சிரிக்கிற டுவேன் அன்று கதறினான். "வெண்டல்! அவன் ஓடலடா! நீ வெளிய போனதும் நான்தான் அவனக் கொன்னேன்! பொய் சொன்னோம்! அங்க யாரும் இல்ல, வந்துருடா!"

நான் நின்றேன். கேட்டேன். "அப்போ இப்ப என் கையப் புடிச்சிருக்கிறது யாருடா?"

கை விட்டது. மெல்ல, விரல் விரலாக விட்டது. பத்தடி தூரத்தில் கரை. டுவேன் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் பனியைப் பார்த்துக்கொண்டிருந்தான். என் காலடிகளுக்குப் பக்கத்தில் வெறுங்காலடிகள், நான் நின்ற இடம்வரை வந்து முடிந்திருந்தன. டுவேன் பனிமேல் இறங்கி வந்து மண்டியிட்டான். தன் பூட்ஸைக் கழற்றினான். கடைசிக் காலடிக்கு முன்னால் ஜோடியாக வைத்தான். காலுறையோடு வீட்டுக்கு நடந்தான்.

விளையாட்டுத்தானே என்பீர்கள். விளையாட்டுத்தான்! கற்பனையில் பிறந்தவன்தான்! பகடையில் பிழைத்தவன்தான்! ஆனால் அவனுக்கு வாக்குக் கொடுத்தது எந்த வாய்? இந்த வாய்! அவனைக் கொன்றேன் என்று சொன்னது எந்த நாக்கு? சதையும் இரத்தமுமான நாக்கு! சொல்லப்பட்ட சொல் எங்கே போகிறது? மேசையைத் துடைத்தால் போய்விடுமா? பகடையைப் பைக்குள் போட்டால் அடங்கிவிடுமா? ஹால்வார்ட் காப்பேன் என்றான், காக்கவில்லை. காக்கப்படாதவன் வந்து என்னைக் காத்தான்! ஆகவே கேட்கிறேன், கைகூப்பிக் கேட்கிறேன்: உங்கள் மேசையில் ஒருவன் "கூடாது" என்று சொன்னால், அவனைத் திட்டுங்கள், அவனோடு சண்டை போடுங்கள், ஆனால் குதிரைகளைப் பார்க்க அனுப்பாதீர்கள். அவன் வெளியே போனால், வெளியே இருப்பது எதுவென்று உங்களுக்குத் தெரியாது.

அந்தப் பழுப்பு பூட்ஸை மறுநாள் போய் எடுத்துவந்த டுவேன் மறுபடி அணியவில்லை. ஆண்டுதோறும் இந்தக் கூட்டத்துக்குக் கொண்டுவந்து வாசலில் வைக்கிறான், காய்ந்தபடியே எடுத்துப் போகிறான். நான் மேடையேறுமுன் உள்ளே கைவிட்டுப் பார்த்தேன். ஈரமாக இருக்கிறது. சூடாகவும் இருக்கிறது.

டுவேன், அழாதே. வந்திருக்கிறான், அவ்வளவுதான். கதவோரத்தில் இருப்பவர்கள் கொஞ்சம் நகர்ந்து ஒரு நாற்காலி விடுங்கள். பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், அழைத்தபோது "இங்க இருக்கேன்" என்றவனுக்கும் என் நன்றி. வணக்கம்.