பத்திரத்துக்கு இன்னொரு தடவை

அலுவலகங்களுக்குப் போன் செய்தால், "சற்றுக் காத்திருக்கவும்" என்று ஒரு பெண் சொல்லி முடித்த பிறகு ஒரு கிடார் வருமே, அதை வாசித்தது பெரும்பாலும் நானாகத்தான் இருக்கும். உங்கள் தலைமை அலுவலகத்திலும் அதுதான் ஓடுகிறது சார். நேற்று உங்கள் ஆள் ஒருவர் அங்கே யாருடனோ பேசக் காத்திருந்தபோது கேட்டேன். அடையாளம் காட்டிக்கொள்ளவில்லை. சந்தர்ப்பம் அப்படி.

இருபத்திரண்டு வருடமாக இதுதான் தொழில். நான் வாசித்து முடிக்கும்போது யாரும் கைதட்டுவதில்லை. தட்டவும் முடியாது, ஒரு கையில் போன் இருக்கிறது.

என் அண்ணன் அப்படியல்ல. மேடைப் பாடகர். மற்றவர்கள் மூன்று இடத்தில் மூச்சு வாங்கும் வரியை ஒரே இழுப்பில் பாடுவார். அதற்காக ஒரு சபை அவருக்கு 'மூச்சரசர்' என்று பட்டம் கொடுத்தது. சபை நான்கு வருடத்தில் மூடிவிட்டது, பட்டம் மட்டும் லெட்டர்பேடில் தங்கிவிட்டது. பிறகு நுரையீரல் கெட்டது. கல்யாணம் செய்துகொள்ளாதவர், எங்கள் வீட்டுக்கு வந்தார். மூன்று வருடமாக மூச்சரசருக்கு மூச்சு ப்ளக் பாயின்ட்டிலிருந்து வந்துகொண்டிருந்தது. இதைக் கேலியாகச் சொல்லவில்லை. மூக்கில் ஒரு குழாய், கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின், அவ்வளவுதான்.

நான் பதிவு செய்யும் அறை அடுத்த அறை. சுவரெல்லாம் பழைய மெத்தை. ஆனாலும் அவர் காதுக்கு அது ஒரு தடையாக இருந்ததில்லை. "டேய், ரெண்டாவது தந்தி இறங்கியிருக்கு" என்று கட்டிலிலிருந்தே சொல்வார். போய்ப் பார்த்தால் இறங்கித்தான் இருக்கும். மூன்று வருடத்தில் ஒரு தடவைகூட அவர் சொன்னது தப்பாக இருந்ததில்லை. சிரமம் அங்கேதான் இருந்தது.

"உன் வாசிப்பைக் கேக்கறவன் எல்லாம் இது எப்ப நிக்கும்னுதாண்டா கேக்கறான்" என்று ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார். என் மனைவி பாத்திரம் கழுவும்போது மெதுவாக, "பெரியவரு சொன்னா சொல்லிட்டுப் போறாரு, இந்தக் காதுல வாங்கி அந்தக் காதுல விடுங்க" என்றாள். நல்ல யோசனைதான். அதைக் கடைப்பிடிக்க எனக்குக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது.

இப்போது மெஷின் விஷயம். அதிலிருந்து ஒரு ரீங்காரம் வரும். எந்தச் சுரத்திலும் சேராமல் இரண்டுக்கும் நடுவில் நிற்கும். என் மைக் ஒரு ஈ உட்கார்ந்தாலும் எடுத்துக்கொள்ளும், இதை விடுமா? அதனால் ஒரு ஏற்பாடு செய்தோம். பதிவு நேரத்தில் மெஷினை அணைத்துவிடுவது. டாக்டரைக் கேட்டோம். ஐந்து நிமிடம் தாங்கும், அதற்கு மேல் கூடாது என்றார். அண்ணனுக்கு அதில் பெருமைகூட. "அஞ்சு நிமிஷமா? நான் யாருன்னு அந்த டாக்டருக்குத் தெரியாது போல" என்றார்.

அவர் கட்டில் கம்பியில் ஒரு சைக்கிள் மணியை நானே முடுக்கி வைத்தேன். முடியவில்லை என்றால் அடிக்க வேண்டும், நான் நிறுத்திவிட்டு ஓடி வர வேண்டும். ஒன்றரை வருடத்தில் அவர் அதைத் தொட்டதே இல்லை. அடித்தால் பட்டம் போய்விடும் என்று நினைத்தாரோ என்னவோ.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் தொழிலில் முதல் பதிவு நன்றாக வந்தாலும், பத்திரத்துக்கு இன்னொரு தடவை வாசித்து வைப்போம். எல்லோரும் செய்வதுதான். அந்த இரண்டுக்கும் நடுவே நான் போய் மெஷினைப் போட்டு, பத்து நிமிடம் அவரோடு உட்கார்ந்திருப்பேன். பெரும்பாலும் வாசிப்பில் என்ன தப்பு என்று அப்போது தெரிந்துகொள்வேன்.

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி. மனைவி வேலைக்குப் போயிருந்தாள். மெஷினை அணைக்கப் போனேன்.

"இன்னிக்கு யாருக்குடா?"

"ஆஸ்பத்திரிக்கு."

"பாவம். ஏற்கெனவே வலியில இருப்பாங்க."

நானும் சிரித்தேன். நல்ல நகைச்சுவையை மறுக்கக் கூடாது. பிறகு அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "சீக்கிரம் முடிச்சிடு தம்பி. இன்னிக்கு மூச்சு கொஞ்சம் முரண்டு பண்ணுது" என்றார். தம்பி என்று அவர் கூப்பிட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

முதல் பதிவு மூன்று நிமிடம் ஐம்பது விநாடி. பிசிறில்லாமல் வந்தது. கடைசித் தந்தி அடங்கும்வரை காத்திருந்தேன். அப்போது மணி அடித்தது.

ஹெட்போன் போட்டிருந்ததால் கேட்கவில்லை என்று முதல் நாள் வாக்குமூலத்தில் உங்களிடம் சொன்னேன். அது சரியல்ல. மைக்குக்குக் கேட்பதெல்லாம் ஹெட்போனுக்குள் வந்துவிடும். அந்த மணி என் காதுக்குள்ளேயே அடித்தது. நான் பத்திரத்துக்கு இன்னொரு தடவை பொத்தானை அழுத்தினேன்.

இரண்டாவது பதிவில் மணி பதினொரு தடவை அடித்தது. முதலில் அவசரமாக, பிறகு இடைவெளி விட்டு. ஏழாவது மணி என் தாளத்தில் சரியாக வந்து விழுந்தது. நான் சிரத்தையோடு வாசித்தேன் சார். இருபத்திரண்டு வருடத்தில் அவ்வளவு நன்றாக வாசித்ததில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவர் தப்பு கண்டுபிடிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தது அதுவே முதல் தடவை.

அது முடிந்த பிறகு போய் மெஷினைப் போட்டேன். குழாயைச் சரிசெய்தேன். மனைவிக்குப் போன் செய்து, மூச்சு இல்லை என்று சொன்னேன். அவள் அங்கிருந்தே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்திருக்கிறாள். அங்கே ஓடுவது என் பழைய வாசிப்பு. ஆள் எடுக்கும்வரை இரண்டு நிமிடம் அதைக் கேட்டுக்கொண்டு அழுதாளாம். புதியதை அன்று மாலையே அனுப்பிவிட்டேன். எதை அனுப்பினாய் என்று உங்கள் ஆள் கேட்டார். இரண்டாவதைத்தான். அதுதான் நன்றாக இருந்தது.

மணி எங்கே போயிற்று என்றும் கேட்டார். கம்ப்யூட்டரில் அதற்கு ஒரு மென்பொருள் இருக்கிறது. வேண்டாத சத்தத்தை மட்டும் காட்டிக்கொடுத்தால் தனியே உரித்து எடுத்துவிடும். பதினொரு மணியோசையையும் எடுக்கக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

நீங்கள் கேட்கப் போவது தெரிகிறது. ஆமாம், மெஷினின் ரீங்காரத்தையும் அது எடுத்துவிடும். இன்னும் சுலபமாக, ஒரே பொத்தானில். வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. மெஷினை அணைக்கும் ஏற்பாடு அதற்குப் பிறகு வந்ததுதான்.

ஆனால் அப்படி எடுத்தால் அந்த இடத்தில் மிக லேசாக ஒரு கறை தங்கும் சார். நம்மைப் போன்றவர்களுக்குத் தெரியாது. அதைக் கண்டுபிடித்துச் சொல்லக்கூடிய காது எனக்குத் தெரிந்து ஒருவருக்குத்தான் இருந்தது. அவருக்குக் கேட்டுவிடக் கூடாதே என்றுதான் ஒவ்வொரு தடவையும் மெஷினை அணைத்தேன்.