‘நல்லா இருக்கு’ என்ற பதிலை ஏற்காத அம்மையாருக்கு

அலமாரிக்கு அழகும் அமைதிக்கு அர்த்தமும் தந்தவரே! கேள்வியையே கேள்வி கேட்டுக் கிளை நூலகம் காத்தவரே! நெல்லும் தென்னையும் திராட்சையும் விளையும் இப்பள்ளத்தாக்கில் புத்தகம் எடுக்கும் பழக்கத்தையும் பயிராக்கி, இன்று பணிநிறைவு பெறும் நூலகர் திருமதி சந்தனம்மாள் அம்மையாரே! வணங்கி மகிழ்கிறோம்.

தங்கள் பொறுமையையும் நேர்மையையும் வரிசையாகப் புகழ்ந்து ஒரு மடல் எழுதித்தான் வைத்திருந்தோம். “இதுக்கெல்லாம் என்னப்பா ஆதாரம்?” என்று சபையிலேயே கேட்டுவிடுவீர்களோ என்று பயந்து அதைக் கிழித்துவிட்டோம். பதிலாக, நடந்த ஒன்றைச் சொல்கிறோம். அதன் ஆதாரம் இதே மண்டபத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறது.

தேனி மாவட்டம் பிறந்து சில வருடமே ஆன சமயம். மார்க்கையன்கோட்டைக்கு அப்பால், ஆலங்கரைப்பட்டிக் கிளை நூலகம் அம்மையாரின் பொறுப்பில் இருந்தது. பேப்பர் படிக்க ஆள் உண்டு. புத்தகம் எடுக்கத்தான் ஆளில்லை. பார்வையிட வந்த அதிகாரி, சித்திரைக்குள் புத்தகம் எடுப்போர் கூடாவிட்டால் நூலகத்தைச் சின்னமனூரோடு சேர்த்துவிடுவோம் என்று சொல்லிப் போனார். சேர்ப்பது என்றால் பூட்டுவது. அன்று அம்மையாருக்குச் சோறு இறங்கவில்லை. தனக்கு வேறு ஊரில் நாற்காலி கிடைக்கும். இந்த ஊருக்கு வேறு நூலகம் யார் கொடுப்பார்கள்?

தெருத்தெருவாகப் போனார். “நம்ம நூலகம் எப்படி இருக்கு?” என்று கேட்டார். வீட்டுக்கு வீடு ஒரே பதில். “அதுக்கென்ன தாயி, நல்லா இருக்கு!” சில வீடுகளில் காப்பியும் கிடைத்தது. வீடு தேடி வந்தவர் முகம் வாடும்படி நம் பக்கத்தில் யார் பேசுவார்கள்? நூலகத்துப் படியே மிதிக்காதவர்கள்தான் கூடுதலாகப் புகழ்ந்தார்கள். அதையெல்லாம் பெருமையோடு அதிகாரியிடம் சொன்னார் அம்மையார். “எல்லாருக்கும் பிடிச்சிருக்கு. பிறகு ஏம்மா யாரும் வரல?” என்று கேட்டார் அவர். அம்மையாரின் முகம் சுண்டிப்போயிற்று.

பதில் சொன்னவர்கள் மேல் தப்பில்லை, கேள்விக்குத்தான் பிடிமானமில்லை என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. கேள்வியை மாற்றினார். “ஏன் வர்றதில்ல?” பெண்கள் எல்லாரும் “நேரமில்ல ஆத்தா” என்றார்கள். திராட்சைத் தோட்டத்து வேலை மதியத்தோடு முடிந்துவிடும் என்பதால் மதியமும் நூலகத்தைத் திறந்து வைத்துப் பார்த்தார். வாசல் மின்விசிறிக் காற்றுக்காக அதே பேப்பர் ஆட்கள்தான் வந்தார்கள். கூடவே ஒரு பூனையும் வந்து படுத்தது.

அதற்குப் பிறகுதான் கேள்வியைத் துண்டுதுண்டாக உடைத்தார். வராதவர் யார்? பெண்கள். எல்லாப் பெண்களுமா? இல்லை, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வருகிறார்கள். கட்டிக்கொடுத்து இந்த ஊருக்கு வந்த மருமகள்கள்தான் வருவதில்லை. அவர்களில் ஒருத்தியான மாயக்காளிடம், பிடிக்குமா பிடிக்காதா என்ற பேச்சையே எடுக்காமல், “கடைசியா எப்ப நூலகத்துப் பக்கம் வந்தே? எங்கன வரைக்கும் வந்தே?” என்று கேட்டார்.

“போன வெள்ளிக்கெழம வந்தேம்மா. படி வரைக்கும் வந்தேன். வாசல் மேசையில எங்க மாமனாரு பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தாக. அவுகளத் தாண்டிக்கிட்டு எப்படி உள்ள வர்றது? திரும்பிட்டேன்.”

தினமும் அந்த மேசையைத் தாண்டித்தான் அம்மையார் தன் இருக்கைக்குப் போவார். உத்தியோகத்தில் இருப்பவருக்கு அது ஒரு தடையாகத் தெரிந்ததே இல்லை. அன்று அவர் எழுதிய கேள்வி இன்று எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம்: ‘பேப்பர் மேசையை வாசலிலிருந்து பின்னறைக்கு மாற்றினால், அது வாசலில் கிடந்த மாதத்தைவிட, மாற்றிய மாதத்தில் இவ்வூர் மருமகள்கள் கூடுதலாகப் புத்தகம் எடுப்பார்களா?’ யாரைப் பற்றி, எதை மாற்றி, எதோடு ஒப்பிட்டு, எதை அளப்பது என்பதெல்லாம் அதில் அடக்கம். இல்லை என்ற பதிலுக்கும் அதில் இடமிருந்தது.

“இல்லைன்னு வந்துட்டா?” என்று உதவியாளர் அழகர் கவலைப்பட்டார்.

“இல்லைன்னுதான் எழுதணும். மொதல்ல மேசையத் தூக்குப்பா.”

மாயக்காளின் மாமனார் சங்கிலிக்குக் கோபம் வந்துவிட்டது. “எங்கள ஏம்மா மூலைக்குத் தள்ளுறே?”

“ஒரு மாசந்தேன் ஐயா. உங்க மருமக புத்தகம் எடுக்குதான்னு பாக்கணும்.”

“ஏன், அது வர்றதுக்கு நானா தடை?”

“அதத்தேன் ஐயா நானும் கேக்குறேன்.”

பெரியவர் தன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு பின்னறைக்கு நடந்தார்.

மறுநாள் மாயக்காள் உள்ளே வந்தாள். அடுத்த வாரம் ஓரகத்தியையும் கூட்டிக்கொண்டு வந்தாள். மாதக் கடைசியில் படியில் செருப்பு விட இடமில்லை. சித்திரையில் வந்த அதிகாரி இரண்டு மாதக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, சேர்க்கும் பேச்சை அத்தோடு விட்டுவிட்டார். நூலகம் இன்றும் திறந்திருக்கிறது. முன்வரிசையில் மாமனாரின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மாயக்காள்தான் எங்கள் ஆதாரம்.

அன்பின் உருவே! அயராத அறிவே! நோயற்ற நெடுவாழ்வு தங்களுக்கு வாய்க்க மீனாட்சியையும் வீரபாண்டி மாரியையும் வேண்டுகிறோம். ஆனால் வேண்டுதலோடு விடுவதாக இல்லை. எங்களில் யார் “நல்லா இருக்கீகளா?” என்று கேட்டாலும், “நல்லா இருக்கேன்” என்பதே தங்கள் பதில். முழங்கால் வீங்கிச் சுவரைப் பிடித்து நடந்த நாளிலும் அதையே சொன்னீர்கள். வீட்டுக்காரரைப் பறிகொடுத்துவிட்டு வேலைக்குத் திரும்பிய அன்றும் அதையேதான் சொன்னீர்கள். ஊருக்கெல்லாம் கேள்வியைத் திருத்தியவர், தன் விஷயத்தில் மட்டும் எங்களை ஏமாற்றிவிட்டார்.

இனி அந்தக் கேள்வியோடு தங்கள் வீட்டுப் படி ஏற மாட்டோம். “போன மாசத்தவிட இந்த மாசம் தனியா உக்காந்து சாப்பிட்டது கூடுதலா, கொறச்சலா?” என்றுதான் கேட்போம். கூடுதல் என்றால், மறுநாள் மதியம் எங்களுக்கும் சேர்த்து உலை வையுங்கள் அம்மா.

என்றும் தங்கள் அன்பில்,
பள்ளத்தாக்கின் கிளை நூலகப் பணியாளர்கள்
சின்னமனூர், ஜூன் 2008