நாலாவது மாடியில உங்க பேரு

இல்ல சார், மொதல்ல மூச்சு வாங்கிக்கோங்க, அப்புறம் பேசலாம். நாலு மாடி ஏறி வந்திருக்கீங்க. லிஃப்ட் இருக்கு, ஆனா ஓடாது. நான் இங்க படிக்கச் சேந்தப்பவும் ஓடல. சீக்கிரம் சரி பண்ணிருவோம்னு ஒரு அட்டை மாட்டியிருந்தாங்க, அந்த அட்டையை மட்டும் ரெண்டு தடவை புதுசா மாத்திட்டாங்க. என்ன சார் சிரிக்கிறீங்க? ஆமா, நீங்க லிஃப்ட் மெக்கானிக்ல. எப்படித் தெரியுமா? சட்டைப் பையிலயே தச்சிருக்கே சார்.

அந்த நாற்காலி வேணாம், அது ஆளோட சேந்து மடங்கிரும். இதுல உக்காருங்க.

பொண்ணு கண்ணாடியை வீட்டுலயே விட்டுட்டு வந்துட்டாளா? அடடா. அது இல்லாட்டி போர்டுல இருக்கறது எல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி இருக்குமே அவளுக்கு. பொதுவாச் சொன்னேன் சார், கண்ணாடி போடறவங்க எல்லாருக்கும் அப்படித்தானே. மேஜை மேல வைங்க. கீழ அக்கௌண்ட்ஸ்ல விசாரிச்சீங்களா? அவங்க நாலாவது மாடிக்குப் போங்கன்னாங்களா? சரியாத்தான் சொல்லியிருக்காங்க. பக்கத்து ரூம்ல க்ளாஸ் நடக்குது, முடிஞ்சதும் வந்துருவா. யாராவது தோழியைப் பாக்க வந்திருப்பாளா இருக்கும்னு நினைக்கிறீங்க. தோழிங்க இருக்காங்க சார் இங்க. அது உண்மை.

ஒரு டீ குடிங்க. இது டீ போடற பாத்திரம்தான் சார், பயப்படாதீங்க. சமோவார்னு பேரு. எங்க துறைக்கு யாரோ பரிசாக் குடுத்தது. இதைப் போட்டா ஃபேன் நின்னுரும், ஃபேனைப் போட்டா இது நின்னுரும். வர்றவங்ககிட்ட டீயா காத்தான்னு கேக்கறதுதான் இங்க வழக்கம். உங்களுக்கு டீ. சர்க்கரை போடல, நீங்க விட்டுட்டீங்கல்ல. யாரு சொன்னாங்களா? சொல்றேன் சார், எங்க போயிரப் போறேன். சூடா இருக்கும்போதே குடிங்க.

ஆமா, ரஷ்யன் டிபார்ட்மெண்ட்தான். வெளிய எழுதியிருக்கறது புரியாதுன்னு தமிழ்லயும் எழுதச் சொன்னேன், எங்க துறைத் தலைவி மேடம் எடுப்பா இருக்காதுன்னுட்டாங்க. ரஷ்யன் மட்டும் இல்ல, ரெண்டாவது வருஷத்துல போலிஷ், செர்பியன்னு பக்கத்து மொழி ஒண்ணும் எடுக்கணும். எல்லாம் பங்காளி மொழிங்க. முகஜாடை ஒண்ணா இருக்கும், புரிஞ்சுபோச்சுன்னு நம்பிக்கையாப் போவோம், நடுவுல கையை விரிச்சுரும்.

என்னது? உங்க பொண்ணும் மொதல்ல இதைத்தான் படிக்கணும்னு நின்னாளா? நீங்க கூடாதுன்னு சொல்லி அக்கௌண்ட்ஸ்ல சேத்துட்டீங்க. சாப்பாட்டுக்கு வழியில்லாத படிப்புன்னு பயந்துட்டீங்க. அது முடிஞ்சுபோன விஷயம். ம்.

நான் ஒண்ணும் தப்பா எடுத்துக்கல சார். நியாயமான பயம்தான். எங்க வீட்டுலயும் மொதல் டிகிரி நான்தான். எனக்கு முன்னால காலேஜ் வாசல்ல கால் வச்சவரு எங்க மாமா, அவரும் வாசலுக்குச் சுண்ணாம்பு அடிக்கத்தான் வந்தாரு. நான் ரஷ்யன் எடுத்திருக்கேன்னதும் பெரியப்பா கேட்டாரு, அதை யாரோட பேசுவேன்னு. வர்ற போற கல்யாணத்துல எல்லாம் இதே கேள்வி. எங்க அம்மாவுக்குப் பதில் சொல்லி முடியல, கம்ப்யூட்டர் படிக்கிறான்னு தெருவுல சொல்லி வச்சுட்டாங்க. அதனால தெருவுல யாரு போன் ரிப்பேர் ஆனாலும் எங்கிட்ட வந்துரும். வேற வழியில்லாம நானும் கத்துக்கிட்டு ஒண்ணு ரெண்டைச் சரி பண்ணிக் குடுத்துட்டேன். எங்க தெருவுல இன்னைக்கும் எனக்கு அந்தப் பேருதான் நிக்குது.

இதைப் படிச்சுட்டு என்னதான் பண்றதுன்னு கேக்கறீங்க. நிஜமாத்தான் கேக்கறீங்களா, இல்ல பொழுது போகவா? எதுவா இருந்தாலும் நிஜத்தையே சொல்லிர்றேன். வர்றவங்ககிட்ட நல்லதை மட்டும் சொல்லணும்னு மேடம் சொல்லியிருக்காங்க. எனக்கு அது வராது, சொல்லிட்டு வீட்டுக்குப் போனா தூக்கம் போயிரும்.

எங்கூடப் படிச்சவங்கள்ல ஒருத்தி ஆஸ்பத்திரியில இருக்கா. ரஷ்யாவுலேருந்து வைத்தியத்துக்கு வர்றவங்களுக்கும் டாக்டருக்கும் நடுவுல நின்னு பேசற வேலை. டாக்டர் ஒரு வார்த்தையில எலும்பு தேஞ்சிருக்கும்பாரு. அதை இவ சொன்னதும் அந்தப் பாட்டி அது எப்படித் தேஞ்சுது, எந்த மருமகளால தேஞ்சுதுன்னு ஆரம்பிச்சுரும். டாக்டர் என்ன சொல்றாங்கன்னு கேப்பாரு. ஆமாங்கறாங்கன்னு இவ சொல்லுவா. இன்னொருத்தன் படத்துக்குக் கீழ வசனம் எழுதறான், கண்ணுக்குக் கீழ கருவளையம், ஆனா சந்தோஷமா இருக்கான். ஒருத்தன் மேல படிக்க உதவித்தொகை வாங்கிட்டுப் போனவன், இப்ப அங்கயே ஆராய்ச்சி. இன்னொருத்தி இன்சூரன்ஸ் விக்கிறா. ரஷ்யன்லயான்னு கேக்காதீங்க, தமிழ்லதான். அதையும் சொல்லணும்ல.

நானா? நான் வாரத்துல ரெண்டு நாள் இங்க பாடம் நடத்தறேன், மத்த நாள் ஒரு பம்பு கம்பெனி. தண்ணி இறைக்கிற பம்பு சார். ரஷ்யாவுக்கு ஏற்றுமதி பண்றாங்க. வாங்கறவங்களோட பேச, புகார் கேக்க, கூட வர்ற குறிப்பை மொழிபெயர்க்க ஒரு ஆள் வேணும். சம்பளம் பெருமையாச் சொல்ற அளவுக்கு இல்ல, ஒளிச்சு வைக்கிற அளவுக்கும் இல்ல.

மொதல் நாள் கூத்தைக் கேளுங்க. மூணு வருஷம் நாங்க படிச்சது எல்லாம் பெரிய பெரிய நாவலுங்க. ஒருத்தன் காதல் தோத்து ஜன்னலோரம் நிக்கிறதை எத்தனை விதமா வேணா சொல்லுவேன். பனியில வண்டி போறது, துப்பாக்கி எடுத்துட்டு மானத்துக்காகச் சண்டைக்கு நிக்கிறது, அதுக்கெல்லாம் வார்த்தை நாக்கு நுனியில இருக்கு. வாஷருக்கு வார்த்தை தெரியாது. நட்டுக்குத் தெரியாது. அன்னைக்குப் பார்த்து, அந்தப் பக்கத்துக் கோடவுனைப் பாத்துக்கற ஒரு வயசான அம்மா வீடியோவுல வந்துட்டாங்க. எங்க மேனேஜர் பின்னால நிக்கிறாரு. பம்புல எந்த எடத்துல தண்ணி கசியுதுன்னு கேளுங்கறாரு. கசியுதுக்கு என்னன்னு தெரியல. சும்மா இருக்க முடியுமா? அம்மா, உங்க பம்பு எந்த எடத்துலேருந்து அழுவுதுன்னு கேட்டுட்டேன்.

அந்தம்மா கேமராவுக்குக் கிட்ட வந்து என் மூஞ்சியையே பாத்தாங்க. வேலை போச்சுன்னு நினைச்சேன். அப்புறம் ரொம்பப் பொறுமையா, கழுத்துக்குக் கீழ, அதுவும் ராத்திரியில மட்டும்தான் அழுவுதுன்னாங்க. ஒரு சிரிப்பு இல்ல முகத்துல. என் மேனேஜருக்கு எல்லாம் சரியா நடக்குதுன்னு ஒரே திருப்தி. இன்னைக்கும் அந்தம்மா போன் பண்ணா பம்பெல்லாம் மனசு தேறிருச்சுன்னுதான் ஆரம்பிப்பாங்க. வேற ஆளோட பேச மாட்டாங்க. மேனேஜர் அதுக்காகவே என்னை வச்சிருக்காரு.

மேல் படிப்பா? அதுக்கும் நேர்முகத் தேர்வுக்குப் போனேன். போனேன்னா, வீட்டுல உக்காந்து வீடியோவுலதான். அங்க போனா குளிரைத் தாங்குவியான்னு கட்டாயம் கேப்பாங்கன்னு சித்தி சொல்லிட்டாங்க. தாங்குவேன்னு காட்டணும்ல. பக்கத்து வீட்டுல கம்பளி ஸ்வெட்டர் வாங்கிப் போட்டு, தலைக்குக் குல்லாவும் மாட்டிட்டு உக்காந்தேன். நம்ம வெயில்ல. அரை மணி நேரத்துல மூஞ்சியிலேருந்து தண்ணி ஊத்துது. குளிரைப் பத்தி ஒருத்தரும் கேக்கல. உடம்பு சரியில்லன்னா வேற நாள் வச்சுக்கலாமேன்னு கேட்டாங்க. அந்தத் தடவை கிடைக்கல. அடுத்த வருஷம் பருத்திச் சட்டையில உக்காந்தேன், கிடைச்சுது, ஒரு பருவம் போய்ப் படிச்சுட்டு வந்தேன். அங்க நிஜமாவே குளிருது சார். சித்தி சொன்னதுல அது மட்டும் தப்பில்ல.

குரலா? பக்கத்து ரூம்லயா? உங்க பொண்ணு குரல் மாதிரி இருக்கா. கதவு ரொம்ப மெல்லிசு. இன்னும் கொஞ்ச நேரம் உக்காருங்க சார், நான் சொல்ல வந்ததுக்கு இன்னும் வரவே இல்ல.

எங்க அப்பா காய்கறி மார்க்கெட்ல மூட்டை தூக்கறவரு. அங்க யாருக்கும் அவரு பேரு தெரியாது. தூக்கறவங்க எல்லாருக்கும் பச்சைச் சட்டை, அதனால ஏ பச்சைச் சட்டை இங்க வான்னுதான் கூப்பிடுவாங்க. நாலு பேர் திரும்புவாங்க, யாரு பக்கத்துல இருக்காங்களோ அவங்க போவாங்க. நான் ரஷ்யன் படிக்கப் போறேன்னப்ப அவரு கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், அங்க மூட்டையைக் கையாலயா தூக்கறாங்க மெஷின்லயான்னு. தெரியலப்பான்னேன். சரி, தெரிஞ்சுக்கிட்டு வந்து சொல்லுன்னாரு. அவ்வளவுதான் எங்க வீட்டு அனுமதி.

ரஷ்யாவுல ஒரு வழக்கம் இருக்கு சார். ஒருத்தரை மரியாதையாக் கூப்பிடணும்னா வெறும் பேரைச் சொல்லக்கூடாது, கூடவே அப்பா பேரையும் சேத்துச் சொல்லணும். நம்ம மாதிரி மொதல் எழுத்தை மட்டும் கிள்ளி முன்னால வச்சுக்கறது இல்ல. முழுப் பேரு. பின்னால ஒரு சின்ன வால் ஒட்டிக்கும், மத்தபடி பேரு அப்படியேதான். ஒரு தடவை இல்ல, கூப்பிடும்போதெல்லாம்.

ஒரு நாள் லீவுல வீட்டுல இருக்கேன், கோடவுன் அம்மா கூப்பிட்டாங்க. ஸ்பீக்கர்ல போட்டுட்டு நோட்ல குறிச்சுக்கிட்டிருக்கேன். அப்பா தரையில உக்காந்து சாப்பிட்டுட்டிருக்காரு. அந்தம்மா என் பேரையும் அப்பா பேரையும் சேத்துச் சொல்லி, எப்படி இருக்கேன்னு கேட்டாங்க. நான் பதில் சொல்றதுக்குள்ள, தன் பேரு காதுல விழுந்ததும் அப்பா, இருக்கேம்மான்னாரு. கையில சோறு. அந்தம்மா பாட்டுக்குப் பேசறாங்க. வால்வு பத்தி ஒரு வரி, அப்பா பேரு. பெட்டி ஈரமாயிருச்சு, அப்பா பேரு. ஒவ்வொரு தடவையும் இவரு நிமுந்து பாக்கறாரு. கடைசியில கையைக் கழுவிட்டு வந்து, சட்டையை மாட்டிட்டு, போன் பக்கத்துல நின்னுட்டாரு. உக்காருங்கப்பான்னா, பெரிய மனுஷி கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்களே, எப்படி உக்காரறதுங்கறாரு.

அன்னைலேருந்து மார்க்கெட்ல பச்சைச் சட்டைன்னு கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கறாராம். கணக்குப்பிள்ளை வந்து அம்மாகிட்ட புகார் பண்ணாரு, இவருக்குக் காது மந்தமாயிருச்சு, டாக்டர்கிட்டக் காட்டுங்கன்னு. இப்ப பேரைச் சொல்லித்தான் கூப்பிடறாங்க.

சிரிக்கிறீங்க. நல்லது. சிரிக்கும்போதே சொல்லிர்றேன், அப்புறம் எனக்கு வாய் வராது. கோபப்படறதா இருந்தா எம்மேல படுங்க, உள்ள இருக்கறவ பாவம்.

இங்க மொதல் வாரத்துல நாங்க வேற பாடம் எதுவும் நடத்தறது இல்ல சார். ஒவ்வொருத்தர்கிட்டயும் அப்பா பேரைக் கேட்டு, அதைச் சேத்துத்தான் கூப்பிடுவோம். அப்புறம் அவங்க எழுந்து நின்னு அப்பாவைப் பத்திப் பேசணும். தெரிஞ்ச ரஷ்யன்ல, தெரியாததுக்குத் தமிழ்ல. ஒரு பொண்ணு பேசினா. எங்க அப்பா ஊர்ல எல்லாரையும் மேல ஏத்தி விடறவரு, ஆனா எங்க வீட்டுக்கு மட்டும் படிக்கட்டுதான்னா. டீயில சர்க்கரையை விட்டுட்டாரு, விட்டதைத் தினமும் சொல்லிக் காட்டுவாருன்னா. ஒண்ணு வேணாம்னா வேணாம்தான், ஆனா வேணாம்னு சொல்லிட்டு ராத்திரி அவருதான் தூங்காமப் படுத்திருப்பாருன்னா. அக்கௌண்ட்ஸ்லேருந்து இங்க மாத்திட்டு வந்தவ. வீட்டுல இன்னும் சொல்லல. என் முன்னால அழுதுட்டு, நீங்க எப்படியாவது எங்க அப்பாகிட்டச் சொல்லிருங்கன்னா. எனக்குப் பொய்யும் வராது, உண்மையைச் சொல்லவும் தைரியம் இல்ல, என்னை விட்டுருன்னுதான் சொன்னேன். இன்னைக்குப் பாருங்க, நீங்களே கண்ணாடியைக் கையில எடுத்துட்டுப் படியேறி வந்துட்டீங்க.

இந்த வாரம் முடியற வரைக்கும் திரும்ப அக்கௌண்ட்ஸுக்கே மாத்திக்கலாம் சார். நீங்க போய் நின்னாப் போதும், மறுபேச்சு இல்லாம வந்துருவா. அதை உங்ககிட்ட மறைச்சேன்னா நான் இதுவரைக்கும் பேசினது எல்லாம் ஏமாத்துதான். வேலை கிடைக்குமான்னா, தேடணும். பம்பு கம்பெனியாக் கூட இருக்கலாம். இன்சூரன்ஸும் இருக்கலாம். மத்ததை நான் சொல்ல முடியாது.

கேளுங்க, இப்பக் கூப்பிடறாங்க பாருங்க. காதுல விழுதா? ஆமா சார், உங்க பேருதான். நாலஞ்சு நாளா இந்த மாடி பூரா அதுதான் கேக்குது. எந்திரிச்சுட்டீங்க. எங்க அப்பாவும் இப்படித்தான். கண்ணாடியை எடுத்துக்கோங்க, நீங்களே கொண்டு போய்க் குடுங்க, அது இல்லாம அவளுக்கு ஒரு எழுத்துத் தெரியாது. கதவைத் தட்டிட்டு உள்ள போங்க. யாருன்னு எல்லாம் சொல்ல வேணாம், பேரைச் சொன்னாலே அங்க எல்லாருக்கும் தெரியும்.