ஐம்பத்தொன்பதாவது ஆள்

விடிகாலை மூன்று நாற்பது. சதுப்பை ஒட்டிப் போகும் பழைய பண்ணை ரோடு. விளக்குக் கம்பம் கிடையாது. இந்தப் பக்கம் நாணல், அந்தப் பக்கம் நம் ஆலைப் புகைபோக்கியின் தீக்கொழுந்து. நடுவில் ஒரே ஒரு கார்.

காரில் வெர்லா. நம் ரஸ்டியின் மச்சினி. ரஸ்டி இன்றைக்கு ஷிப்டுக்கு வரவில்லை, அதனால்தான் சொல்கிறேன். அவன் இருந்தால் நாம் ஓய்வெடுக்கும் இந்த டிரெய்லரில் யாரும் இதைப் பேச முடியாது. கதவைச் சாத்து, டெல்மர். அந்த பூடான் சாஸேஜ் தட்டை இந்தப் பக்கம் தள்ளு.

அவள் அந்த நேரத்தில் ஏன் அந்த ரோட்டில் போனாள்... அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஓடெல் கிட்ரி செத்தது உங்களுக்குத் தெரியும். மூன்றாம் யூனிட், வாயுக் கசிவு. கம்பெனி சொன்னது, அவன் தன் சட்டையில் மாட்டும் வாயு மீட்டரைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனான், தப்பு அவனுடையது என்று. அவன் பெண்டாட்டி நதீன் வழக்குப் போட்டாள். வழக்கென்றால் எதிர்த்தரப்பு கேட்கிற மெயில், காகிதம் எல்லாவற்றையும் கம்பெனி எடுத்துக் கொடுத்தாக வேண்டும். முன்பெல்லாம் அந்த வேலைக்கு ஹூஸ்டனிலிருந்து ஆட்கள் வருவார்கள். பிறகு சட்டப் பிரிவுத் தலைவர் விட்லாக் ஒரு மென்பொருள் வாங்கினார். எல்லாம் இனி நம் வீட்டுக்குள்ளேயே, வெளியாள் கண் படாது என்றார். அதை ஓட்ட ஒரே ஒரு ஆள். வெர்லா. ஸ்டோரில் கையுறை எண்ணிக்கொண்டிருந்தவளை மேலே ஏற்றி, ஏசி அறையும் நல்ல காப்பீடும் கொடுத்தார்கள்.

முதல் வேலை நோட்டீஸ். வழக்கோடு சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் மென்பொருள் ஒரு கடிதம் அனுப்பும். 'எதையும் அழிக்காதே.' கீழே இரண்டு கேள்வி. உன்னிடம் வேறு ஏதாவது இருக்கிறதா? எங்கே? பதில் எழுதி, படித்தேன் என்று அழுத்த வேண்டும். அழுத்தாதவனை அது விடாது. திங்கட்கிழமைதோறும் மறுபடி கேட்கும். நமக்கெல்லாம் வந்ததே, அதேதான்.

வெர்லா ஒரு தப்பு செய்தாள். ஓடெலின் மெயில்களை எடுக்க வேண்டியிருந்ததால் அவன் பெயரும் பட்டியலில் இருந்தது. செத்தவன் பெயருக்கு நேரே நோட்டீஸ் வேண்டாம் என்று ஒரு கட்டத்தைத் தொட வேண்டும். தொட மறந்தாள். ஐம்பத்தொன்பது பேருக்கு நோட்டீஸ் போனது. ஐம்பத்தெட்டுப் பேர் அழுத்தினார்கள். ஒருவனிடம் மட்டும் அந்த மென்பொருள் ஒவ்வொரு திங்களும் கேட்டுக்கொண்டே இருந்தது. உன்னிடம் வேறு ஏதாவது இருக்கிறதா? எங்கே?

அடுத்த வேலை படிப்பது. ஒரு மெயிலுக்கு ஏழு விநாடி. அப்படித்தான் அவளுக்குக் கணக்கு. அதில் ஓடெலின் மூன்று மெயில்கள் வந்தன. மூன்றாம் யூனிட்டில் சுவர் அலாரம் செத்துப் போய்விட்டது என்று மேற்பார்வையாளருக்கு அவன் எழுதியவை. மேற்பார்வையாளர் அவற்றை விட்லாக்குக்கும் தள்ளிவிட்டிருந்தார். அன்றைக்கு விட்லாக்கே அவள் மேசைக்கு வந்து நின்றார்.

"அதுல அலாரம் பத்தி இருக்கு சார்," என்றாள்.

"எனக்கு நகல் வந்திருக்கா இல்லையா?"

"வந்திருக்கு."

"நான் யாரு?"

"வக்கீல்."

"அப்ப அது வக்கீல் ரகசியம், எதிர்த்தரப்புக்குக் கொடுக்க வேண்டியதில்ல. முத்திரையக் குத்திட்டு அடுத்ததப் பாரு. படிச்சுட்டு உக்காராத."

குத்தினாள். மூன்றும் உள்ளே போயின. முதல் வரிக்கு மேல் அவள் படிக்கவில்லை.

நதீன் தோற்றாள். இப்போது பெட்ரோல் பங்கில் கோழி பொரிக்கிறாள், நீங்கள் பார்த்திருப்பீர்கள். நான் பார்க்கவில்லை. நான் அந்தப் பங்குக்குப் போவதில்லை. நான் சொல்லவரும் அந்த ராத்திரியில் மேல்முறையீட்டுக்கு இன்னும் ஒன்பது நாள் பாக்கியிருந்தது. அந்த மூன்று மெயிலில் ஒன்று கிடைத்தாலும் போதும், வழக்கு திரும்பிவிடும் என்று அவள் வக்கீல் சொன்னானாம். ஒன்றும் கிடைக்கவில்லை.

ரஸ்டிக்கு அந்த மெயில்கள் தெரியும். கடைசி மெயிலை ஓடெல் எழுதும்போது பக்கத்தில் நின்று எழுத்துப்பிழை திருத்தியவன் அவன். கோர்ட்டில் கேட்டபோது ஞாபகம் இல்லை என்றான். அவனுக்கு வீட்டுக் கடன் இருக்கிறது. நமக்கும் இருக்கிறது. அலாரம் செத்தது நம்மில் யாருக்குத் தெரியாது? யாரும் வாயைத் திறக்கவில்லை.

சரி. அந்த ராத்திரிக்கு வருகிறேன்.

மூன்று பத்துக்கு வெர்லாவின் போன் ஒரு முறை டிங் என்றது. மென்பொருளிலிருந்து செய்தி. ஐம்பத்தொன்பதில் ஐம்பத்தொன்பது. எல்லோரும் அழுத்திவிட்டார்கள்.

எழுந்து உட்கார்ந்து திறந்து பார்த்தாள். ஓடெல் கிட்ரி. படித்தேன். வேறு ஏதாவது இருக்கிறதா? 'இருக்கிறது.' எங்கே? 'கொண்டு வருகிறேன்.'

அவள் பேய் என்று நினைக்கவில்லை. அதுதான் பாவம். விட்லாக் என்ன சொல்வார் என்று நினைத்தாள். செத்தவன் கணக்கின் சாவி அவள் ஒருத்தியிடம்தான் இருந்தது. விடிந்தால் அவள் கழுத்துதான். அந்தப் பதிலை ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்துதான் நீக்க முடியும். எதையும் அழிக்காதே என்று ஐம்பத்தொன்பது பேருக்கு நோட்டீஸ் விட்டவள், ராத்திரி உடையின் மேல் கோட்டை மாட்டிக்கொண்டு அழிக்கப் புறப்பட்டாள்.

பாதி வழியில்... நாற்றம். அழுகின முட்டை. ஆலைப் பக்கம்தானே என்று கண்ணாடியை ஏற்றினாள். குறையவில்லை. கூடியது. வெளியிலிருந்து வரவில்லை என்று அவளுக்குத் தோன்றியது. பின் சீட்டிலிருந்து வருகிறது. கூடவே ஒரு சத்தம். டிக்... டிக்... டிக். சட்டையில் மாட்டுகிற மீட்டர் போடுமே, அந்தச் சத்தம். அவளிடம் மீட்டர் கிடையாது.

ரஸ்டிக்குப் போன் போட்டாள். அவன் அப்போது மூன்றாம் யூனிட்டில் ஷிப்டில் இருந்தான். இதெல்லாம் அவன் ஒரு நாள் குடித்துவிட்டுச் சொன்னதுதான்.

"ரஸ்டி, உங்க பக்கம் ஏதாவது லீக்கா? வண்டியெல்லாம் நாறுது."

இங்கே ஒன்றும் இல்லையே என்றான். அவன் காதிலும் அந்த டிக் டிக் விழுந்தது. உன்னோட யாரு இருக்கறது என்று கேட்டான். யாருமில்லை என்றாள். அப்புறம் பெரிதாக மூச்சு விட்டாள். சந்தோஷமாக.

"அப்பாடா... விடு. நாத்தம் போயிடுச்சு."

என்ன டெல்மர், கிளாஸைக் கீழே வைத்துவிட்டாய்? உனக்குப் புரிந்துவிட்டது. நமக்கெல்லாம் முதல் நாளே சொல்லிக்கொடுத்தார்கள். கொஞ்சமாக இருந்தால் நாறும். கொல்லும் அளவுக்கு வந்தால் முதலில் மூக்கைக் கொல்லும்.

"வெர்லா, வண்டிய நிறுத்து. இறங்கி ஓடு. காத்து வர்ற பக்கமா ஓடு," என்று ரஸ்டி கத்தினான்.

"எதுக்குடா? இப்பத்தான் நல்லா இருக்கு."

அதுதான் அவள் கடைசிப் பேச்சு. பிறகு டிக் டிக் மட்டும், ரொம்ப நேரம். பிறகு அதுவும் இல்லை.

ஓடெலின் மூன்றாவது மெயிலில் கடைசி வரி என்ன தெரியுமா? ரஸ்டி எழுத்துப்பிழை திருத்திய வரி. 'புதுசா வர்றவங்களுக்குச் சொல்லுங்க, நாத்தம் போயிட்டா சரியாயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல, அப்பத்தான் ஓடணும்.' அவள் கையில்தான் இருந்தது. ஏழு விநாடி.

காரை ரோட்டோரம் கண்டுபிடித்தார்கள். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடி முழுக்க ஏற்றியிருந்தது. மீட்டர் வைத்துப் பார்த்தார்கள், பூஜ்யம். மாரடைப்பு என்று எழுதினார்கள். நதீனின் ஒன்பது நாளும் ஓடிப் போனது. அந்த மூன்று மெயிலும் முத்திரையோடு இன்னும் உள்ளேதான் கிடக்கின்றன. செத்தவன் வந்து நியாயம் வாங்கிக்கொடுத்தான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அந்த நாற்காலிக்கு இப்போது ஒரு புதுப்பெண் வந்திருக்கிறாள். அவளும் அந்தப் பதிலைப் பார்த்தாளாம். நீக்கினால் மறுபடி வருகிறதாம். அதில் எழுதியிருப்பதைக் கவனியுங்கள். 'கொண்டு வந்தேன்' என்று மாறவில்லை. 'கொண்டு வருகிறேன்' என்றுதான் இன்னும் இருக்கிறது.

அந்தப் பட்டியலில் ஐம்பத்தொன்பது பெயர். இந்த டிரெய்லரில் உட்கார்ந்திருக்கிற ஆறு பேரும் அதில் உண்டு. இன்றைக்கு நாம் இறங்கப்போவது மூன்றாம் யூனிட். சுவர் அலாரம் இன்னும் மாற்றவில்லை.

வெளியே தீக்கொழுந்து படபடத்தது.

நான் உள்ளே வந்தபோது இங்கே லேசாக நாறியது. எப்போதும் நாறுவதுதான். உங்களுக்கும் தெரிந்ததா?

"எனக்கும் வந்துச்சு," என்றான் டெல்மர். கொஞ்சம் பொறுத்து மூக்கை உறிஞ்சிப் பார்த்தான். "இப்ப வரல."